குண்டுமல்லிக்கு ஒரு வாக்கி டாக்கிக் கடிதம்

செம்பாக்கம், சென்னை-73
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள குண்டுமல்லிக்கு,

நீ அனுப்பின குரல்பதிவு மூன்றையும் கேட்டேன். நாலு நிமிஷம் மூட்டுவலி, இரண்டு நிமிஷம் ஏலக்காய் விலை. கடைசிப் பத்து வினாடியில்தான் விஷயத்துக்கு வந்தாய். உன் பையன் பழைய ஜீப் வாங்கியிருக்கிறான், கூட்டாளிகளோடு போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் பாதைகளில் ஏறப்போகிறான், அங்கே டவர் கிடைக்காது, "என்ன வாக்கி டாக்கி வாங்கலாம், உங்க வீட்லதான் அனுபவம் இருக்கே" என்று முடித்துவிட்டாய்.

அனுபவத்துக்கு இங்கே குறைச்சலே இல்லை. ஆனால் அதைக் குரல்பதிவில் சொல்லமாட்டேன். உன் மருமகள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள். ஸ்பீக்கரில் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதையும் கீழே வருகிறது, பொறுமையாகப் படி.

இவர் ரிடையர் ஆனதும் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து ஜீப்பைப் பிடித்துக்கொண்டு வந்தது உனக்குத் தெரியும். டீசல் எஞ்சின், மேலே கான்வாஸ் துணி. அதற்குப் புதுசாய்ப் பச்சைப் பெயின்ட் அடித்து, வாசலில் நிறுத்தி, காலையில் காப்பியோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார். பிறகு ஒரு கோஷ்டி சேர்ந்தது. சேலையூர், மேடவாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஆறு வண்டி. எல்லாம் சின்னப் பசங்கள். என்னை அக்கா என்கிறார்கள், இவரை அங்கிள் என்கிறார்கள். அதில் இவருக்கு இன்றுவரை வருத்தம்.

பாலாற்று மணலில் ஓட்டினவரை போனே போதுமாயிருந்தது. ஜவ்வாது மலைப் பக்கம் போன அன்றைக்குத்தான் கண் திறந்தது. கடைசி வண்டி நாங்கள். ஒரு ஓடையைத் தாண்டும்போது பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. போனில் ஒரு கோடுகூட இல்லை. ஹாரன் அடித்தோம், கத்தினோம். முன்னால் போனவர்கள் அடுத்த வளைவுக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், அடுப்பு மூட்டி டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் "அங்கிள் வண்டி எங்கே?" என்று ஒருத்தனுக்குத் தோன்றியிருக்கிறது. வீடு திரும்பின மறுநாளே இவர் ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிட்டார்.

நல்லவேளை, நானும் கூடப் போனேன். கடைக்காரப் பையன் ஒரு சீனச் செட்டை எடுத்துக் காட்டி, "சார், இதுல எல்லா ஃப்ரீக்வென்சியும் வரும், போலீஸே வரும்" என்றான். இவர் முகம் மலர்ந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம் வீட்டு மொட்டைமாடிக்கு மேலேதான் தாம்பரம் விமானப்படைத் தளத்து விமானங்கள் வட்டம் போடுகின்றன. பறக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி அங்கேதான் இருக்கிறது. இந்தப் பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம். இதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லா அலைவரிசையிலும் பேசக்கூடிய கருவியை ஒரு ரிடையர்டு ஆசாமி திருகினால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, மத்திய அரசின் அலைக் கண்காணிப்பு நிலையம் பெருங்குடியில் இருக்கிறது. யார் எங்கே பேசுகிறார்கள் என்று கேட்பதே அவர்கள் வேலை.

சட்டம் ஒன்றும் புதிதில்லை. 1933-லேயே, கம்பியில்லாக் கருவியை லைசென்ஸ் இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டான். சில அலைவரிசைகளுக்கு மட்டும் பிற்பாடு விலக்குக் கொடுத்தார்கள். ஆன்லைனில்தான் கொட்டிக்கிடக்கிறதே என்று உன் பையன் சொல்வான். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு இதே வாக்கி டாக்கி விஷயத்தில்தான் நோட்டீஸ் அனுப்பியது. எந்த அலைவரிசை, லைசென்ஸ் வேண்டுமா, அரசின் கருவி ஒப்புதல் இருக்கிறதா என்று ஒன்றையும் சொல்லாமல் விற்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த ஒப்புதலுக்கு ஈ.டி.ஏ. என்று பெயர். கடையில் முதலில் அதைக் கேட்கச் சொல். விலையை அப்புறம் கேட்கலாம்.

சரி, எது வாங்கலாம்? நான் தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்ததில் நாலு வழி தெரிந்தது.

முதலாவது, கையடக்க அரை வாட் செட். 446.0-லிருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. 2018-இல் வந்த விதிப்படி இதற்கு லைசென்ஸ் வேண்டாம். ஆன்டெனா ஒரு சாணுக்கும் குறைவு, செட்டோடு ஒட்டிப் பிறந்தது, கழற்றி நீளமாய் ஒன்றை மாட்டுகிற பேச்சே கிடையாது. பெட்டியில் பத்துக் கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள், நம்பாதே. வளைவும் மரமுமாக இருக்கும் பாதையில் ஒரு கிலோமீட்டர் கேட்டால் புண்ணியம். ஆனால் வரிசையாகப் போகிற ஆறு வண்டிக்கு அதற்கு மேல் எதற்கு?

இரண்டாவது, 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்ட். 2005-லிருந்து 5 வாட் வரை லைசென்ஸ் வேண்டாம். 1970-களில் அமெரிக்க லாரிக்காரர்கள் ராத்திரி முழுக்க வம்பளந்தது இதில்தான். நமக்குச் சரியான ஜோடி என்று நானும் ஆசைப்பட்டேன். ஆனால் இதன் அலைநீளம் 11 மீட்டர். அதில் கால்பங்கு ஆன்டெனா வேண்டுமென்றால் ஒன்றரை ஆள் உயரம். குட்டையாக்கக் கம்பிச்சுருள் வைத்துச் சுற்றுவார்கள், அதற்குத் தகுந்த மாதிரி வீச்சும் குறையும். எல்லாவற்றுக்கும் மேல், நம் பக்கத்தில் இதை வைத்திருப்பவர்கள் குறைவு. நாம் மட்டும் வாங்கி யாரோடு பேசுவது?

மூன்றாவது, சிம் போடுகிற வாக்கி டாக்கி. டவர் இல்லாத இடத்துக்குத்தானே வாங்குகிறோம்? அடுத்தது.

நாலாவது, அமெச்சூர் ரேடியோ, அதுதான் ஹாம். 144-லிருந்து 146 மெகாஹெர்ட்ஸ். வண்டியில் பொருத்துகிற செட், நல்ல வீச்சு. ஆனால் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும், எதிர்முனையில் பேசுபவரும் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், வியாபாரம் பேசக்கூடாது.

நடுவில் ஒரு கூத்து. மெல்பர்னில் இருக்கும் என் ஓரகத்தி பையன், "சித்தி, இங்கே ஜீப் வெச்சிருக்கிறவங்க எல்லாரும் யு.எச்.எஃப். செட்தான் வெச்சிருக்காங்க, 5 வாட், 80 சேனல், வரும்போது கொண்டு வரேன்" என்றான். ஓரகத்தி அதை ஊரெல்லாம் சொல்லியும் விட்டாள். அது 477 மெகாஹெர்ட்ஸ். ஆஸ்திரேலியாவில் அவர்களுக்குச் சரி, இங்கே அந்த இடம் நமக்குத் திறந்து விட்டதில்லை. கொண்டு வராதே என்று சொன்னதில் ஓரகத்திக்கு என்மேல் கோபம். "எங்க பிள்ளை கொண்டு வந்தா மட்டும் ஆகாது" என்கிறாள். அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? நீயாவது சொல்லிப்பார்.

கடைசியில் முதல் வழியையும் நாலாவது வழியையும் சேர்த்துக்கொண்டோம். எல்லா வண்டியிலும் அரை வாட் கையடக்கம். முதல் வண்டியிலும் கடைசி வண்டியிலும் மட்டும் ஹாம் செட். முன்னால் போகும் தம்பி ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்தான். கடைசி வண்டி நாங்கள். ஆக எங்கள் வீட்டில் ஒருத்தர் பரீட்சை எழுதியாக வேண்டும்.

இரண்டு பேருமே எழுதினோம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு கிரேடு உண்டு. ஜெனரலுக்கு மோர்ஸ் தந்தி அடிக்கவும் கேட்டு எழுதவும் தெரிய வேண்டும். நாங்கள் சின்னதையே எடுத்தோம். வானொலிப் பாடம் ஒன்று, விதிமுறை ஒன்று. பன்னிரண்டு வயதிலிருந்தே எழுதலாமாம், அறுபதில் எழுதக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. நான் அடுப்பில் பருப்பு வேகும்போது ஓமின் விதியை உருப்போட்டேன். இவர், "விதிமுறைதானே, காமன்சென்ஸ்" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் பார்த்தார்.

நான் பாஸ். அவர்? கேட்காதே, அவர் காதில் விழும்.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய இடத்துச் சங்காத்தம் இது. ராஜீவ் காந்தியின் ஹாம் அழைப்புக்குறி வி.யு.2 ஆர்.ஜி., நம் கமல்ஹாசனுடையது வி.யு.2 எச்.ஏ.எஸ். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகத்துக்குச் சேதி சொன்ன பாரதி பிரசாத் ஒரு ஹாம். அந்தமானிலிருந்து ஒலிபரப்ப அனுமதி வாங்கி, பொழுதுபோக்காகப் போன இடத்தில் கடல் பொங்கிவிட்டது. அவரும் கூட வந்தவர்களும் இரவுபகலாக உட்கார்ந்து, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று இங்கே தவித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்குத் தகவல் அனுப்பினார்கள். இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு ஜீப்பைத் தாண்டி இதில் மனசு போனது. எங்கள் ஊரும் தண்ணீர் ஊர்தானே. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு. 2015 டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கம் மாடிவரை தண்ணீர் நின்றபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் முதலில் செத்தது போன்தான். பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார் என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ள முழங்கால் தண்ணீரில் ஆள் அனுப்பினோம்.

லைசென்ஸ் கைக்கு வரும்வரை செட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. வந்த பிறகு பொருத்தினோமே, அது தனிப் புராணம்.

இவர் முதலில் காந்த அடிப்பாகம் உள்ள ஆன்டெனாவை வாங்கிவந்து, ஜம்பமாக ஜீப் கூரையில் வைத்தார். அது கான்வாஸ் துணி. அப்படியே சரிந்து, எதிர்வீட்டம்மாவின் பால் தூக்கில் டணாரென்று விழுந்தது. காந்தம் இரும்பில்தான் ஒட்டும், ஃபைபர் கூரையிலும் ஒட்டாது. இது ஒட்டுகிற சங்கதி மட்டும் இல்லை. ஆன்டெனா பாதிதான், மீதிப் பாதி அதன் அடியில் விரிந்திருக்கும் உலோகத் தகடு. உன் பையன் வண்டிக்குத் தகரக் கூரை இருந்தால் நட்ட நடுவில் வைக்கச் சொல், அதைவிட நல்ல இடம் இல்லை. எங்களுக்கு பானெட் ஓரத்தில் ஒரு பிராக்கெட் அடித்து, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கம்பியை நட்டோம். இந்த அலைவரிசைக்குக் கால் அலைநீளம் அரை மீட்டர்தான், கிளையில் சிக்காது.

கேம்ப் ரோடு பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் பையன் ஒயரிங் செய்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் கார் ஸ்டீரியோ மாட்டியே பழகின கை. போன் சார்ஜ் போடும் சாக்கெட்டிலிருந்தே மின்சாரம் இழுத்துவிட்டான். கேட்கும்போது எல்லாம் ஜோர். பேசப் பொத்தானை அழுத்தினால் செட் மூச்சை விட்டுவிடும். காரணம் லேசு. கேட்பதற்கு அரை ஆம்பியர் போதும், 25 வாட்டில் பேசினால் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். நூல் மாதிரி ஒயரில் வரும்போது வோல்டேஜ் படுத்துவிடுகிறது. அதோடு ஒரு விசில். ஆக்சிலரேட்டரை மிதித்தால் விசிலும் ஏறும், விட்டால் இறங்கும். அது ஆல்டர்னேட்டரின் பாட்டு. மறுபடி பிரித்து, தடித்த ஒயரை நேராக பேட்டரியிலிருந்து எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு, எஞ்சின் தடுப்புத் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் வைத்துக் கொண்டுவந்தோம். அந்த வளையம் இல்லாவிட்டால் குலுக்கலில் தகட்டு விளிம்பு ஒயரை அறுத்துவிடும். விசில் நின்றது.

அப்புறம் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். முன்வண்டித் தம்பிதான் கொண்டுவந்தான். இது என்னவென்று உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சம்பந்தி வீட்டுக்கு அனுப்புகிற சீர்வரிசையில் எத்தனை தட்டு வாசலோடு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி. செட் அனுப்புகிற சக்தியை ஆன்டெனா முழுசாக ஏற்றுக்கொண்டால் 1. எங்களுக்கு 3 காட்டியது. அப்படியென்றால் கால்வாசி திரும்பி வருகிறது, அந்தச் சூடு செட்டுக்குத்தான் கெடுதல். கம்பியை வெட்டலாமா என்று இவர் கட்டிங் பிளேயரை எடுத்தார். தம்பி குனிந்து பிராக்கெட்டைப் பார்த்துவிட்டு, "அங்கிள், பெயின்ட் மேலயே போல்ட் போட்டிருக்கீங்க" என்றான். ஆன்டெனாவின் பாதி உடம்பான பானெட்டைப் புதுப் பச்சைப் பெயின்ட் ஒதுக்கி வைத்திருந்தது. உப்புத்தாளால் ஒரு ரூபாய் நாணய அளவு சுரண்ட வேண்டும். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்ணை வழியனுப்பும்போதுகூட அப்படி ஒரு முகம் இல்லை. சுரண்டி, பூமிக்கம்பி ஒன்றையும் இழுத்துக் கட்டினதும் முள் 1.4-க்கு இறங்கியது. 1.5-க்குள் இருந்தால் திரும்பி வருவது நூற்றுக்கு நாலுகூட இல்லை. துரு பிடிக்காமல் அந்த இடத்தில் கிரீஸ் தடவி வைத்தோம்.

செட்டை டாஷ்போர்டு மேல் சும்மா வைக்காமல் போல்ட் போட்டு இறுக்கச் சொல். வண்டி சாய்ந்தால் அதுதான் முதலில் மண்டைக்கு வரும். டீசல் ஜீப்பின் இரைச்சலுக்குத் தனி ஸ்பீக்கர் ஒன்று வேண்டும். மைக் மட்டும் என் பக்கம். லைசென்ஸ் என் பெயரில், அவர் அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் சட்டம் என் பக்கம் நின்றது இதுதான் முதல் தடவை.

இப்போது அந்த ஸ்பீக்கர் கதை. போன மாதம் பயணம். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பேரன் அந்த அரை வாட் கையடக்கத்தை வைத்து விளையாடியிருக்கிறான். அதில் வாக்ஸ் என்று ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தவே வேண்டாம், குரல் கேட்டாலே தானாக ஒலிபரப்பும். அதைப் போட்டுவிட்டிருக்கிறான். எங்களுக்குத் தெரியாது. கியர் கம்பிக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் செருகி வைத்தோம். ஜீப் சத்தத்தையே குரல் என்று நினைத்துக்கொண்டு அது ஒலிபரப்ப ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு எல்லாருக்கும் சாப்பாடு முன்வண்டித் தம்பியின் பெண்டாட்டி கட்டிக்கொண்டு வருகிறாள். நான் இவரிடம், "இன்னிக்கும் புளியோதரைதானாம். போன தடவையே புளி பச்சை வாசனை அடிச்சுது. எள்ளுப்பொடியும் போடல. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, யாராவது சொல்லிக்கொடுக்கணும்" என்று ஆரம்பித்தேன். அதோடு விட்டேனா? அவள் மாமியார் வரை போனேன்.

ஒரே அலைவரிசையில் ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கிட முடியாதடி. மற்ற ஐந்து வண்டியும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தன. ஐந்து நிமிஷம். முன்வண்டி நின்றது. தம்பி இறங்கி நடந்து வந்தான். ஜன்னலோரம் குனிந்து, கையை நீட்டி, செட்டின் வாக்ஸை அணைத்தான். "அக்கா, எள்ளுப்பொடி எவ்வளவு போடணும்?" என்றான். சிரிக்காமல் கேட்டான், அதுதான் தாங்கமுடியவில்லை. மத்தியானம் அந்தப் பெண் என் இலையில் ரெண்டு கரண்டி கூடவே வைத்தாள்.

அதனால் உன் பையனுக்கு நான் சொல்வது இதுதான். கிளம்பும்போது எல்லா செட்டிலும் வாக்ஸ் அணைந்திருக்கிறதா என்று பார்க்கணும். டைம் அவுட் உள்ள செட்டாக வாங்கணும். பொத்தான் அமுங்கியே கிடந்தாலும் குறித்த நேரத்தில் தானாக வாயை மூடிக்கொள்ளும். பொத்தானை அழுத்தி ஒரு வினாடி பொறுத்துப் பேசணும், இல்லாவிட்டால் முதல் வார்த்தை விழுங்கப்பட்டுவிடும். "நின்னு வா" என்பதில் முதல் வார்த்தை போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள். முடித்தால் "ஓவர்" என்று சொல்லிப் பொத்தானை விடணும். உங்கள் மலையில் இன்னொன்று. சமவெளியில் இரண்டு வண்டி ஆன்டெனாவும் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் கணக்குப்படி பதினோரு கிலோமீட்டர் எட்டும். போடிமெட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவு, நடுவில் பாறை நின்றால் நானூறு மீட்டரும் எட்டாது. நடுவண்டிக்காரன் இரண்டு பக்கமும் கேட்டுக் கைமாற்றிச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் பொறுமையான பிள்ளையை உட்கார வைக்கச் சொல்.

இப்போதைக்கு அவனுக்கு 446 மெகாஹெர்ட்ஸ் அரை வாட் செட், ஒப்புதல் சான்றிதழோடு, வண்டிக்கு ஒன்று. அது போதும். ஆசை மிஞ்சினால் பரீட்சை எழுதட்டும், அதற்கப்புறம் வண்டியில் செட் மாட்டட்டும். மலிவாய் வருகிறதென்று லைசென்ஸுக்கு முன்பே வாங்கி ஆறுமாதம் பீரோவில் வைத்திருக்கக்கூட வேண்டாம். நீயும் கூட எழுதேன். பத்தாவதில் சயின்ஸில் என்னைவிட நீதான் கூட மார்க். இரண்டு பேரும் பாஸ் பண்ணினால் வாட்ஸப் இல்லாமலே பேசலாம். பெருங்குடிக்காரர்கள் கேட்பார்கள், அதனால் மருமகள் கதை மட்டும் கூடாது.

சென்ட்ரலிலிருந்து போடிக்கே ரயில் விட்டு எத்தனை நாளாச்சு! இன்னும் நீ இந்தப் பக்கம் வரவில்லை. தையில் வா. ஏலக்காய் கால் கிலோ கொண்டு வா, விலையை மட்டும் சொல்லாதே.

உன் அன்புள்ள,
ஒல்லிப்பிச்சி

பி.கு.: போன வாரம் அந்தப் பெண்ணுக்கு எள்ளு வறுத்துப் பொடித்து ஒரு பாட்டில் கொடுத்துவிட்டேன். புளியை நன்றாகக் கொதிக்கவிடணும் என்றும் சொன்னேன். இந்தத் தடவை நேரில்தான் சொன்னேன்.